யுபிஎஸ்சி இன்டர்வியூ முடிஞ்சுது, ரிசல்ட் வர்ற வரைக்கும் என்ன பண்றது

டெல்லி ஷாஜஹான் ரோட்டுல யுபிஎஸ்சி ஆபீஸ் இருக்கிற தோல்பூர் ஹவுஸ் கேட்டைத் தாண்டி வெளிய வந்ததும் ஒரு நிமிஷம் என்ன பண்றதுன்னே தெரியாது. ரெண்டு மூணு வருஷமா மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்த சத்தம் டக்குனு நின்ன மாதிரி இருக்கும், டை இறுக்கும், ஃபோனை ஆன் பண்ணா பதினஞ்சு மிஸ்டு கால், எல்லாருக்கும் ஒரே கேள்விதான், எப்படிப் போச்சு? அதுக்கு ஏதோ ஒரு பதில் சொல்லி வச்சிடுவோம். அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்க காத்திருப்பு, அதைப் பத்திதான் இது.

நான் மூணு தடவை இந்தக் காத்திருப்புல இருந்திருக்கேன். 2022-ல ஏழு வாரம், 2024-ல ஒரு மாசம், 2025-ல மூணு மாசம். முதல் ரெண்டு தடவை லிஸ்ட்ல பேர் இல்ல, மூணாவது தடவை இருந்துச்சு. ஐஏஎஸ் இல்ல, அதே தேர்வுல வர்ற இன்னொரு மத்திய அரசுப் பணி, குரூப் ஏ சர்வீஸ் ஒண்ணு. இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராகணும்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, அது முடிஞ்ச மறுநாள் காலையில எந்திரிச்சு என்ன செய்யணும்னு எனக்கு யாருமே சொல்லல, அதனாலதான் முதல் தடவை நான் ஒரு பெரிய தப்பு பண்ணி ஒரு வருஷத்தையே விட்டேன். அதே தப்பை நீங்க பண்ணக்கூடாதுன்னுதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

அந்தத் தப்பை முதல்லயே சொல்லிடுறேன். ஐஏஎஸ், ஐபிஎஸ் மாதிரி மத்திய அரசுப் பதவிகளுக்கு யுபிஎஸ்சி நடத்துற இந்தத் தேர்வு பிரிலிம்ஸ், மெயின்ஸ், இன்டர்வியூன்னு மூணு கட்டம், ஃபைனல் லிஸ்ட்ல பேர் வரலைன்னா திரும்ப பிரிலிம்ஸ்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். 2022 ஏப்ரல் ரெண்டாவது வாரம் எனக்கு இன்டர்வியூ. ஊருக்கு வந்தேன், ரிசல்ட் வரட்டும், அதைப் பாத்துட்டு அடுத்த பிரிலிம்ஸுக்குப் படிக்கலாம்னு புத்தகத்தை எல்லாம் பரண்ல ஏத்திட்டேன். ரிசல்ட் மே 30 வந்துச்சு, பேர் இல்ல. பிரிலிம்ஸ் ஜூன் 5. நடுவுல இருந்தது ஆறு நாள், அதுல மூணு நாள் அழுதே போச்சு. பிரிலிம்ஸ் போச்சு, அடுத்த வருஷம் மார்க் வந்தப்போ பாத்தா கட்-ஆஃபுக்கு ரெண்டே கேள்விதான் கம்மி. அந்த ஏழு வாரத்துல ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் உக்காந்திருந்தாக்கூட அந்த ரெண்டு கேள்வி வந்திருக்கும்.

முதல் ரெண்டு நாள்

இன்டர்வியூ முடிஞ்ச அன்னைக்கு நைட்டே, தமிழ்நாடு இல்லத்துல தங்கியிருந்தாலும் சரி, ரயில்ல இருந்தாலும் சரி, என்ன கேட்டாங்க நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கிறதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிடுங்க. யார் சேர்மன், எந்த மெம்பர் எதைக் கேட்டார், எதுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க, எல்லாம். இதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, அடுத்த தடவை போக வேண்டி வந்தா இதைவிட நல்ல மெட்டீரியல் கிடையாது, ரெண்டு மாசம் கழிச்சு யோசிச்சா பாதிதான் ஞாபகம் வரும். ரெண்டாவது காரணம்தான் முக்கியம், எழுதி வச்சுட்டா மனசு அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கிறது கொஞ்சம் குறையும். எழுதி முடிச்சதும் நோட்டை மூடி ஊர்ல பீரோவுக்குள்ள வச்சிடுங்க.

அந்தப் பதிலை நெட்ல தேடிப் பாக்காதீங்க. நான் பாத்தேன். ஒரு ஆறோட கிளை ஆறு பேரைத் தப்பா சொல்லிட்டேன்னு தெரிஞ்சு பத்து நாள் தூங்கல. அந்த ஒரு கேள்வியால ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு இப்போ தெரியுது, ஏன்னு கணக்கோட சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

இன்டர்வியூவுக்கு 275 மார்க், மெயின்ஸுக்கு 1750, மொத்தம் 2025. இன்டர்வியூல பாஸ் மார்க்னு ஒண்ணு கிடையாது, கூட்டல்தான். நீங்க போர்டு முன்னாடி போய் உக்காரும்போதே அந்த 1750-க்கு நீங்க எவ்வளவு வாங்கினீங்கன்றது முடிஞ்சு போன விஷயம், அது உங்களுக்கும் தெரியாது, எதிர்ல உக்காந்திருக்கிற அஞ்சு பேருக்கும் தெரியாது. இப்போ 2023 தேர்வை எடுத்துக்கங்க, அதாவது 2023-ல பிரிலிம்ஸ் வச்சு 2024-ல ஃபைனல் ரிசல்ட் வந்தது, பொதுப் பிரிவுல மெயின்ஸ் கட்-ஆஃப் 741, ஃபைனல் கட்-ஆஃப் 953. அதாவது மெயின்ஸ்ல சரியா 741-ல தொத்திக்கிட்டு உள்ள வந்த ஒருத்தர் லிஸ்ட்ல வரணும்னா இன்டர்வியூல 212 வாங்கணும். 2022 தேர்வுலயும் இதே கதைதான், 748, 960, வித்தியாசம் அதே 212. ஆனா 2022 தேர்வுல முதல் இடம் வந்த இஷிதா கிஷோர் இன்டர்வியூல வாங்கினது 193, 2023 தேர்வுல முதல் இடம் வந்த ஆதித்யா ஸ்ரீவாஸ்தவா வாங்கினது 200. நாட்டுலயே முதல் ஆளுக்கே 200-ன்னா, விளிம்புல வந்தவங்களுக்கு 212 எங்கிருந்து வரும். அதே மாதிரி இஷிதாவுக்கு மெயின்ஸ்ல 901, அவங்களுக்கு இன்டர்வியூல நூறு மார்க்கே போட்டிருந்தாலும் லிஸ்ட்ல பேர் வந்திருக்கும்.

இதுக்கு என்ன அர்த்தம்னா, இன்டர்வியூ நல்லா போச்சுன்னு நீங்க நினைக்கிறதும் சொதப்பிட்டேன்னு நினைக்கிறதும் ரிசல்ட்டைப் பத்தி ரொம்பக் கொஞ்சமாதான் சொல்லும். போர்டுல சிரிச்சாங்க, டீ வேணுமான்னு கேட்டாங்க, இருபது நிமிஷத்துல அனுப்பிட்டாங்க, நாப்பது நிமிஷம் வச்சிருந்தாங்க, இதுல எதையுமே வச்சு ஒண்ணும் கணிக்க முடியாது. என்னோட மூணுல ரொம்ப நல்லா போன இன்டர்வியூ ரெண்டாவதுதான், சேர்மன் எந்திரிச்சு நின்னு கை குடுத்தார், ஆனா அந்த வருஷம் லிஸ்ட்ல நான் இல்ல. அதனால எப்படிப் போச்சுன்னு யார் கேட்டாலும் ஒரே பதிலை வச்சுக்கங்க, போச்சு, ரிசல்ட் வந்தா தெரியும். எங்க அம்மாவுக்கும் அதேதான், எங்க சித்தப்பாவுக்கும் அதேதான்.

கேலண்டரை எடுத்து வையுங்க

காத்திருக்கிறதுல ரொம்ப வேதனை தர்றது எப்போ வரும்னு தெரியாததுதான், ஆனா யுபிஎஸ்சி விஷயத்துல அது நாம நினைக்கிற அளவுக்குத் தெரியாத ஒண்ணு இல்ல. இன்டர்வியூ எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும்னு ஷெட்யூல் வெப்சைட்லயே போட்டிருப்பாங்க. கடைசி ஆளோட இன்டர்வியூ முடியாம ஃபைனல் ரிசல்ட் வராது. முடிஞ்சதுக்கு அப்புறம் எத்தனை நாள்ல வந்திருக்குன்னு பாருங்க: 2022-ல மே 26 முடிஞ்சு மே 30 வந்துச்சு, 2023-ல மே 18 முடிஞ்சு மே 23, 2024-ல ஏப்ரல் 9 முடிஞ்சு ஏப்ரல் 16, 2025-ல ஏப்ரல் 17 முடிஞ்சு ஏப்ரல் 22. நாலு வருஷமும் ஒரு வாரத்துக்குள்ள முடிஞ்சிருச்சு.

அப்போ என்ன பண்ணணும்? ஷெட்யூல்ல கடைசித் தேதியைப் பாத்து கேலண்டர்ல வட்டம் போடுங்க. அந்த வட்டத்துக்கு முன்னாடி எந்த நாள்லயும் ரிசல்ட் வராது, அதுவரைக்கும் அந்த வெப்சைட்டைத் திறக்கவே வேண்டாம். ஷெட்யூலோட ஆரம்பத்துலயே இன்டர்வியூ முடிச்சவங்களுக்கு இதுதான் பெரிய மருந்து, ஏன்னா அவங்களுக்குத்தான் காத்திருப்பு ரொம்ப நீளம், கடைசி நாட்கள்ல போறவங்க ஒரு வாரம் பத்து நாள்ல விஷயம் தெரிஞ்சுக்குவாங்க. 2025-ல எனக்குப் பொங்கல் முடிஞ்ச அடுத்த வாரமே இன்டர்வியூ. அம்மா தினமும் சாயந்தரம் வாசல்ல நின்னு "வந்துருச்சாப்பா?"ன்னு கேப்பாங்க. கேலண்டர்ல ஏப்ரல் 17-ஐக் காட்டி "இதுக்கு முன்னாடி வராதும்மா"ன்னு சொன்ன அப்புறம் கேக்கிறதை விட்டுட்டாங்க, அவங்களுக்கும் அதுல ஒரு நிம்மதி, பாவம் அவங்களும்தானே காத்துட்டு இருந்தாங்க.

அதே கேலண்டர்ல இன்னும் ரெண்டு வட்டம் போடணும். ஒண்ணு அடுத்த பிரிலிம்ஸ் தேதி. இன்னொண்ணு அதுக்கு அப்ளை பண்ற கடைசித் தேதி, இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. 2025 பிரிலிம்ஸுக்கு ஜனவரி 22-ல ஃபார்ம் திறந்துச்சு, பிப்ரவரிக்குள்ள முடிஞ்சு போச்சு, அதாவது எங்க காத்திருப்புக்கு நட்ட நடுவுல. என்னோட மெயின்ஸ் எழுதின ஒரு நண்பன், ரொம்ப நல்லா இன்டர்வியூ குடுத்துட்டோம்னு அந்தப் பக்கமே போகல. லிஸ்ட்ல பேர் வரல, ஃபார்மும் போடல, ஒரு வருஷம் சும்மா போச்சு. ஃபீஸ் நூறு ரூபாய்தான், பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்ல. முதல் நாளே போட்டா சென்டரும் நீங்க கேட்ட ஊர்லயே கிடைக்கும், மதுரை திருச்சி மாதிரி ஊர்கள்ல சீட் நிரம்பிட்டா வேற ஊருக்குத்தான் போகணும்.

படிங்க, படிக்கிறதுதான் வழி

நான் சொல்ல வந்ததுலயே முக்கியமான இடம் இதுதான். பிரிலிம்ஸுக்கும் ரிசல்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி கிடைக்கும்னு பாருங்க. 2022-ல ஆறு நாள். 2023-ல ரிசல்ட் மே 23, பிரிலிம்ஸ் மே 28, அஞ்சே நாள். 2024-ல தேர்தலால பிரிலிம்ஸை மே 26-ல இருந்து ஜூன் 16-க்குத் தள்ளி வச்சாங்க, அதனால ரெண்டு மாசம் கிடைச்சுது. 2025-ல ஏப்ரல் 22-க்கும் மே 25-க்கும் நடுவுல ஒரு மாசம். எந்த வருஷம் எவ்வளவு கிடைக்கும்னு நம்ம கையில இல்ல. அதனால லிஸ்ட்ல பேர் வராதுன்னு வச்சுக்கிட்டுத்தான் படிக்கணும். வந்துட்டா அந்தப் படிப்பு வீண்தானேன்னு தோணும், வீணாப் போகட்டுமே, அதைவிடச் சந்தோஷமான வீண் உலகத்துல இருக்கா.

இதைக் கேட்டா சிலருக்குக் கோவம் வரும், ஏன் நெகட்டிவா யோசிக்கணும்னு. இது நெகட்டிவ் இல்லைங்க, எண்ணிக்கை. 2024 தேர்வுல இன்டர்வியூவுக்குத் தேர்வானவங்க 2845 பேர், லிஸ்ட்ல வந்தவங்க 1009 பேர். மூணு பேர்ல ரெண்டு பேர் கிட்டத்தட்ட திரும்ப பிரிலிம்ஸ் ஹாலுக்குத்தான் போகணும், அட்டெம்ப்ட், அதாவது எழுத அனுமதிக்கிற தடவைகள், எல்லாம் முடிஞ்சவங்களைத் தவிர. அங்க போய் உக்காரும்போது முதல் தடவை எழுத வந்த இருபத்திரண்டு வயசுப் பையன் ஒரு வருஷமா அதை மட்டுமே படிச்சுட்டு வந்திருப்பான், நாம மெயின்ஸ், இன்டர்வியூன்னு எட்டு மாசமா பிரிலிம்ஸ் கேள்வியே பாக்காம வந்திருப்போம். இன்டர்வியூ வரைக்கும் போனவங்க அடுத்த பிரிலிம்ஸ்ல தோக்கிறது ரொம்ப சாதாரணமா நடக்குது, அதுக்குக் காரணம் அறிவு இல்லாதது இல்ல, இந்தக் காத்திருப்புதான்.

எப்படிப் படிக்கிறது? ஆரம்பத்துல மனசு ஒட்டவே ஒட்டாது, அது நிச்சயம். முதல் ஒரு வாரம் புத்தகத்தையே தொடாதீங்க, நல்லா தூங்குங்க, ஊர் சுத்துங்க, படம் பாருங்க, உடம்பு கேக்குது. எட்டாவது நாள்ல இருந்து நாளைக்கு மூணு மணி நேரம் மட்டும், அதுக்கு மேல வேண்டாம். படிக்கிறதைவிட கேள்வி போட்டுப் பாக்கிறதுல ஆரம்பிங்க, ஏன்னா இந்த நேரத்துல லட்சுமிகாந்த் எழுதின அரசியலமைப்புப் புத்தகத்தை எடுத்து வச்சா பத்து பக்கத்துல மனசு தோல்பூர் ஹவுஸுக்குப் போயிடும், ஐம்பது கேள்வி முன்னாடி வச்சா போகாது, விடை தேடுற வேலையில மண்டை மாட்டிக்கும். பழைய பத்து வருஷக் கேள்வித்தாளை ஒரு ரவுண்டு முடிங்க. தப்பான கேள்விக்கு மட்டும் புத்தகத்தைத் திறங்க. ரெண்டாவது மாசத்துல ஐந்து மணி நேரமா தானா கூடும்.

சிசாட்டை, அதாவது பிரிலிம்ஸ்ல கணக்கும் ரீசனிங்கும் வர்ற ரெண்டாவது பேப்பரை, விட்டுடாதீங்க. மெயின்ஸ் எழுதின தெம்புல அது ஒரு பெரிய விஷயமே இல்லைன்னு தோணும், 200-க்கு 66.67 எடுத்தா போதும்தானேன்னு. 2023-ல வந்த சிசாட் பேப்பர்ல எத்தனை பேர் தடுமாறினாங்கன்னு அன்னைக்கு ஹாலை விட்டு வெளிய வந்தவங்களைக் கேளுங்க. கணக்கு கைவிட்டுப் போற விஷயம், வாரத்துக்கு ரெண்டு நாள் அதுக்கு ஒதுக்குங்க.

அட்டெம்ப்ட் கணக்குலயும் ஒரு விஷயம். ஃபார்ம் போட்டா அட்டெம்ப்ட் ஆகாது, பிரிலிம்ஸ்ல ஒரு பேப்பர் எழுதினாலும் அட்டெம்ப்ட் ஆயிடும். அதனால ஃபார்ம் போடுறதுக்குத் தயங்கவே தேவையில்ல, எழுதுறதா வேண்டாமான்னு ரிசல்ட் வந்த அப்புறம்கூட முடிவு பண்ணலாம். பொதுப் பிரிவுக்கு ஆறு, ஓபிசிக்கு ஒன்பது, எஸ்சி எஸ்டிக்கு வயசு வரம்புக்குள்ள எத்தனை தடவை வேணும்னாலும்.

இதுதான் கடைசி அட்டெம்ப்ட்னு இருக்கிறவங்களோட காத்திருப்பு வேற. அவங்ககிட்ட பிரிலிம்ஸுக்குப் படிங்கன்னு சொல்ல முடியாது, ஆனா சும்மா இருங்கன்னும் சொல்ல மாட்டேன். டிஎன்பிஎஸ்சி குரூப் 1 இருக்கு, 2025-ல பிரிலிம்ஸ் ஜூன் 15-ல வச்சாங்க, யுபிஎஸ்சி பிரிலிம்ஸ் முடிஞ்சு மூணே வாரம். பாதிக்கு மேல அதே பாடம்தான், தமிழ்நாட்டு வரலாறும் நிர்வாகமும் திருக்குறளும் மட்டும் சேத்துப் படிக்கணும். கையில எழுத ஒரு தேர்வு இருக்குன்னா அந்தக் காத்திருப்போட கனம் கண்டிப்பா குறையும், பாத்திருக்கேன்.

பேப்பர் வேலைகள்

காத்திருக்கும்போது செஞ்சு முடிக்கக்கூடிய உருப்படியான வேலை இது. சர்டிபிகேட் எல்லாத்தையும் எடுத்து வச்சு ஒரு எழுத்துப் பிசகு இல்லாம பாருங்க. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், டிகிரில பின்னாடி இருக்கும், ஆதார்ல அப்பா பேர் முழுசா இருக்கும். நம்ம ஊர்ல இனிஷியல் நமக்கு ஒரு விஷயமே இல்ல, டெல்லிக்காரங்களுக்கு அது புரியாது. தேவைப்பட்டா வேற வேற மாதிரி எழுதின பேர் எல்லாம் ஒரே ஆளோடதுதான்னு ஒரு அஃபிடவிட் வாங்கி வையுங்க.

அடுத்து ஜாதிச் சான்றிதழ். இங்க பிசி, எம்பிசின்னு தமிழ்நாடு அரசு குடுக்கிற சான்றிதழ் வேற, மத்திய அரசு வேலைக்கான ஓபிசி சான்றிதழ் வேற, ரெண்டாவதுல கிரீமி லேயர்ல, அதாவது அந்தப் பிரிவுலயே வசதியானவங்க வரிசையில, வரலைன்னு இருக்கணும். ரெண்டு லிஸ்ட்டும் ஒண்ணு இல்ல, உங்க சமுதாயம் மத்திய லிஸ்ட்ல எந்தப் பேர்ல எந்த ஸ்பெல்லிங்ல இருக்குன்னு பாருங்க. எந்த நிதி ஆண்டு வருமானத்தை வச்சு, எந்தத் தேதிக்குள்ள வாங்கியிருக்கணும்னு அந்த வருஷ நோட்டிபிகேஷன்லயே போட்டிருப்பாங்க, தேதி தாண்டி வாங்கினது செல்லாது. பொதுப் பிரிவுல பொருளாதாரத்துல பின்தங்கினவங்களுக்கான ஈடபிள்யூஎஸ் சான்றிதழுக்கும் இப்படித்தான். இந்த வருஷத்துக்கு வாங்கினதை மாத்த முடியாது, ஆனா அடுத்த வருஷ ஃபார்முக்குத் தேவையானதை இப்போவே இ-சேவையில அப்ளை பண்ணி வாங்கலாம், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு போய் வர நேரம் ஆகும், ஃபார்ம் முடியிற கடைசி வாரத்துல ஓடாதீங்க.

டாஃப்ல, அதாவது இன்டர்வியூவுக்கு முன்னாடி போட்ட விரிவான விண்ணப்பத்துல, எந்தப் பணி முதல்ல வேணும்னு குடுத்த சர்வீஸ் பிரிஃபரன்ஸை இப்போ மாத்த முடியாது. ஐஆர்எஸ்ஸை மேல போட்டிருக்கலாமோ, ஐபிஎஸ் வேண்டாம்னு வச்சிருக்கலாமோன்னு ராத்திரி பன்னெண்டு மணிக்குத் தோணும், தோணினா எந்திரிச்சுத் தண்ணி குடிச்சுட்டுப் படுங்க.

ஃபோன்

டெலிகிராம் குரூப்பை விட்டு வெளிய வந்துடுங்க, குறைஞ்சது மியூட் பண்ணுங்க. போர்டு வாரியா மார்க் கணிக்கிறேன், இந்தச் சேர்மன்கிட்ட மார்க்கே வராதுன்னு பேசுறவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நாளைக்கு ரிசல்ட்னு வாரத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் போடுவார், ஒவ்வொரு தடவையும் வயித்துல ஒரு பிசைவு, அது எதுக்கு.

இதைக் கவனமா படிங்க. இன்டர்வியூ முடிஞ்சவங்க நம்பர் எப்படியோ வெளிய போயிடுது, லிஸ்ட்ல பேர் சேக்க ஆள் இருக்கு, இவ்வளவு ஆகும்னு ஃபோன் வரும். எங்க ஊர்ப் பக்கத்துல ஒரு குடும்பம் நகையை அடகு வச்சுக் குடுத்துச்சு, போனது போனதுதான். அப்படி ஒரு வழியே கிடையாது. யுபிஎஸ்சி உங்களுக்கு ஃபோன் பண்ணி ரிசல்ட் சொல்லாது, பணம் கேக்காது, எல்லாருக்கும் ஒரே நேரத்துல வெப்சைட்ல பிடிஎஃப்பா போடும், அவ்வளவுதான். இந்த விஷயத்தை உங்களைவிட முக்கியமா உங்க அப்பா அம்மாகிட்ட சொல்லி வையுங்க, ஏமாத்துறவன் அவங்களைத்தான் பிடிப்பான்.

பயிற்சிக்காக மாக் இன்டர்வியூ குடுத்த கோச்சிங் சென்டர்கள்ல போட்டோவும் கையெழுத்தும் கேப்பாங்க. 2024 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்கு வழிமுறை போட்டிருக்கு, பாஸ் ஆன அப்புறம் நீங்க எழுத்துல சம்மதம் குடுத்தாதான் உங்க பேரையும் போட்டோவையும் போடணும். முன்கூட்டியே எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

வீடு, காசு, தூக்கம்

வீட்ல இருக்கிறவங்களுக்கு நம்ம காத்திருப்பு எப்படித் தெரியும்னா, பையன் சும்மா இருக்கான்னு தெரியும். அது அவங்க தப்பு இல்ல. எங்க அப்பா மின்வாரியத்துல லைன்மேனா இருந்தவர், அவருக்கு வேலைன்னா காலையில எட்டு மணிக்குக் கிளம்பணும். அதனால 2024-ல நான் காலையில எட்டரைக்குக் கிளம்பி டவுன் லைப்ரரிக்குப் போயிட்டு மத்தியானம் ஒரு மணிக்கு வந்தேன், அதுக்கு அப்புறம் வீட்ல ஒரு சலசலப்பு இல்ல. படிப்புக்கும் அது நல்லது, வீட்டு வாசலுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் கேக்கிறதும் நிக்கும்.

எங்க சித்தப்பா முதல் தடவை என் இன்டர்வியூ முடிஞ்சதுமே, பையன் கலெக்டர் ஆயிட்டான்னு தெருவெல்லாம் சொல்லிட்டார், பாசத்துல. ரிசல்ட்ல பேர் இல்லைன்னதும் அவர்தான் வெளிய தலை காட்ட முடியாம ரெண்டு வாரம் கஷ்டப்பட்டார். இந்த மாதிரி ஒருத்தர் உங்க வீட்லயும் இருப்பார். இன்டர்வியூவுக்குப் போனா வேலை கிடைச்சதா அர்த்தம் இல்ல சித்தப்பா, மூணு பேர்ல ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்னு உக்கார வச்சுப் பொறுமையா ஒரு தடவை சொல்லிடுங்க, கூச்சப்படாம. கல்யாணப் பேச்சையும் ரிசல்ட் வர்ற வரைக்கும் எடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, இந்த நேரத்துல எந்த முடிவும் சரியா வராது.

காசு இல்லாம இருக்கிறது இந்தக் காலத்துல ரொம்ப வலிக்கும். மெயின்ஸ் எழுதினவங்களுக்கு ஒரு வழி இருக்கு, கோச்சிங் சென்டர்கள்ல டெஸ்ட் பேப்பர் திருத்துற வேலை, சென்னை அண்ணா நகர்ல இதுக்கு எப்பவும் ஆள் தேவை, ஆன்லைன்லயே நிறைய வருது. பேப்பருக்கு இவ்வளவுன்னு தருவாங்க, மத்தவங்க எழுதினதைத் திருத்தும்போது நம்ம எழுத்துல இருக்கிற ஓட்டையும் தெரியும். ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்காதீங்க. ஏற்கனவே வேலையில இருக்கிறவங்க ரிசல்ட் வர்ற வரைக்கும் ராஜினாமா கடிதத்தைப் பத்தி யோசிக்கவே கூடாது.

தூக்கம் வரலைன்னா முதல் ரெண்டு வாரம் விடுங்க, அதுக்கு அப்புறமும் வரலைன்னா, சாப்பாடு இறங்கலைன்னா, இருந்து என்ன ஆகப் போகுதுன்ற மாதிரி நினைப்பு ஒரு தடவை வந்தாலும், யார்கிட்டயாவது சொல்லுங்க. அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கிடையாது, எந்த நேரமும் பேசலாம், தமிழ்லயே பேசலாம். 2022 மே கடைசியில என் அறைத் தோழன் ஒரு ராத்திரி முழுக்க என் பக்கத்துல உக்காந்திருந்தான். அன்னைக்கு அவன் இல்லைன்னா எனக்குத் தெரியல. இதை எழுதணுமான்னு யோசிச்சேன், எழுதணும்னுதான் தோணுச்சு.

ரிசல்ட் வர்ற அன்னைக்கு

காலையா சாயந்தரமான்னு நேரம் சொல்ல முடியாது. யார் பக்கத்துல இருக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க. எனக்கு வீட்ல பத்து பேர் சுத்தி நிக்க பிடிஎஃப் திறக்கிறது தாங்காது, மூணாவது தடவை மாமா பையன் ஒருத்தனைக் கூட்டிட்டு ஆத்தங்கரைக்குப் போயிட்டேன். அவன்தான் பாத்தான்.

வெப்சைட் திணறும், விடுங்க, பத்து நிமிஷத்துல எங்கயாவது பிடிஎஃப் வந்துடும். பேரை வச்சுத் தேடாதீங்க, ஒரே பேர்ல பல பேர் இருப்பாங்க, ஸ்பெல்லிங்கும் மாறும். ரோல் நம்பர் ஏழு இலக்கத்தையும் போட்டுத் தேடுங்க. வரலைன்னா ரெண்டு தடவை தேடுங்க, மூணாவது தடவை தேடாதீங்க.

பேர் இல்லைன்னா, அன்னைக்கு ஃபோனை அப்பா கையில குடுத்துடுங்க, எல்லாருக்கும் அவர் பதில் சொல்லட்டும். உங்க மார்க் பதினஞ்சு நாளுக்குள்ள வெப்சைட்ல வரும், அப்போ மெயின்ஸ்ல போச்சா இன்டர்வியூல போச்சான்னு தெளிவா தெரியும், நான் ரெண்டாவது தடவை பாத்தப்போ இன்டர்வியூல 180-க்கு மேல, மெயின்ஸ்ல நானே தேர்ந்தெடுத்த ஆப்ஷனல் பாடத்துலதான் அடி. அதுவரைக்கும் காரணம் தேடாதீங்க. ரிசர்வ் லிஸ்ட்னு ஒண்ணு சில மாசம் கழிச்சு வரும், கட்-ஆஃபுக்கு ரொம்பக் கிட்ட இருந்தவங்களுக்கு அதுல வாய்ப்பு இருக்கு, மார்க் பாத்தா நீங்களே ஊகிக்கலாம், ஆனா அதுக்காக இன்னொரு தடவை உக்காந்து காத்திருக்காதீங்க. பிரிலிம்ஸ் ஒரு வாரத்துல இருந்தாலும் போய் எழுதுங்க, பரணுக்குப் போகாத புத்தகம் இருந்தா எழுத முடியும். 2024 ஏப்ரல் 16 ரிசல்ட் வந்துச்சு, 19-ஆம் தேதி ஊர்ல ஓட்டுப் போட்டேன், 20-ஆம் தேதி காலை எட்டரைக்கு லைப்ரரியில இருந்தேன். அந்த ஜூன்ல பிரிலிம்ஸ் கிளியர் ஆச்சு.

பேர் இருந்துச்சுன்னா, புரோவிஷனல்னு தனியா குடுத்திருக்கிற ரோல் நம்பர்கள்ல உங்க நம்பரும் இருக்கான்னு பாருங்க. 2024 தேர்வுல 241 பேருக்கு அப்படி இருந்துச்சு. பயப்பட வேண்டாம், ஏதோ ஒரு ஒரிஜினல் சான்றிதழ் யுபிஎஸ்சிக்கு வந்து சேரணும்னு அர்த்தம், ஆனா அதுக்கு ரிசல்ட் தேதியில இருந்து மூணு மாசம்தான் கெடு, அதுக்குள்ள அனுப்பலைன்னா தேர்வே ரத்து. அதனால மாலையும் போட்டோவும் முடிஞ்ச மறுநாளே அந்த சர்டிபிகேட் ஃபைலை பீரோவுல இருந்து வெளிய எடுத்துடுங்க, அதுக்குப் பக்கத்துலயே அந்த இன்டர்வியூ நோட்டும் இருக்கும், அதை ஊர்ல அடுத்து போகப்போற ஒரு தம்பிக்கோ தங்கச்சிக்கோ குடுங்க.